கண்ணாடியில் உங்கள் கண் அசைவதை நீங்கள் பார்த்ததே இல்லை

கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொள்ளுங்கள். முதலில் உங்கள் இடது கண்ணைப் பாருங்கள். அப்புறம் வலது கண்ணை. மறுபடி இடது. பார்வை இங்கும் அங்கும் தாவுவது உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் விழி அசைவது மட்டும் கண்ணில் படவே படாது. பக்கத்தில் யாரையாவது நிற்க வைத்துக் கேளுங்கள், "நல்லா அசையுதே" என்பார்கள். இதையே செல்போனின் முன்பக்கக் கேமராவைப் பார்த்துச் செய்தால் அசைவு லேசாகப் பிடிபடும். திரைக்குப் படம் வந்துசேரச் சின்னத் தாமதம் ஆகிறது. அதற்குள் நம் கண் தாவி முடித்து நின்றுவிடுகிறது.

நாம் விழித்திருக்கும்போது கண் நொடிக்கு ஏறத்தாழ மூன்று தடவை இப்படித் தாவுகிறது. இந்த வரியைப் படிக்கும்போதும் உங்கள் கண் வழுக்கிக்கொண்டு போகவில்லை, தவளை மாதிரி குதித்துக் குதித்துத்தான் போகிறது. ஒரு குதிக்கு 0.03 நொடி என்று வைத்துக் கணக்குப் போட்டாலும், விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு கண் பறந்துகொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் விழித்திரையில் விழுவது வெறும் கலங்கல். மூளை அந்தக் கலங்கலை நமக்குக் காட்டாமல் அமுக்கிவிடுகிறது. அமுக்கிய இடத்தில் ஒரு வெட்டோ இருட்டோ தெரிய வேண்டாமா? அதுவும் தெரிவதில்லை.

சுவர்க்கடிகாரத்தைச் சட்டென்று திரும்பிப் பார்த்தால், நொடிமுள் ஒரு கணம் நின்றுபோன மாதிரி தோன்றும். பேட்டரி போய்விட்டதோ என்று நினைப்பதற்குள் நகர்ந்துவிடும். கடிகாரத்தில் கோளாறு இல்லை. கண் தாவிய நேரத்தில் ஏற்பட்ட ஓட்டையை, தாவி முடித்த பிறகு கண்ட காட்சியைப் பின்னோக்கி இழுத்து மூளை அடைத்திருக்கிறது. முள்ளை நீங்கள் கூடுதல் நேரம் பார்த்ததாகத் தோன்றுவது அதனால்தான்.

பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்த "கண் ஒரு கேமரா" கதை பாதிதான் சரி. முன்பாதி மட்டும் கேமரா. கருவிழி என்கிற அந்தக் கண்ணாடி போன்ற முன்தோல், வெளிச்சத்தை வளைக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் செய்துவிடுகிறது. உள்ளே இருக்கும் லென்ஸ் மீதியைச் செய்கிறது; கிட்டே, தூரே என்று மாற்றிக் குவிப்பதும் அதுதான். சுமார் 24 மில்லிமீட்டர் நீளமுள்ள இந்த உருண்டையின் பின்சுவரில் தலைகீழாக ஒரு படம் விழுகிறது. அதோடு கேமரா கதை முடிந்தது. படத்தை எடுத்து மாட்டி வைக்க மூளைக்குள் திரையும் இல்லை, உட்கார்ந்து பார்க்க ஆளும் இல்லை.

அந்தப் பின்சுவர்தான் விழித்திரை. அதன் தரத்தைப் பார்த்தால், எந்தக் கேமரா கம்பெனியும் அப்படி ஒன்றைச் செய்து விற்கத் துணியாது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ அந்த நகம் அடைத்துக்கொள்ளும் இடம் மட்டும்தான் நமக்கு முழுக் கூர்மையோடு தெரிகிறது. அதைத் தாண்டினால் கூர்மை மளமளவென்று சரிகிறது. நம்பிக்கை வரவில்லை என்றால், இந்த வரியில் ஒரு சொல்லின் மேல் பார்வையை ஆணியடித்த மாதிரி நிறுத்திவிட்டு, கண்ணை அசைக்காமல் நாலு வரி கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முயலுங்கள். எழுத்து இருப்பது தெரியும். படிக்க வராது. அறை முழுவதும் ஒரே தெளிவோடு தெரிகிறது என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்றால், எந்த மூலையைப் பற்றிச் சந்தேகம் வருகிறதோ அந்த மூலைக்கு அடுத்த கணமே கண் தாவிப் போய்விடுகிறது. கேட்டவுடன் கிடைக்கிறது, அதனால் எப்போதும் கையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

ஓட்டை வேறு இருக்கிறது. விழித்திரையிலிருந்து நரம்பிழைகள் எல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்லே கிடையாது. எட்மே மாரியட் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் 1660களில் இதைக் கண்டுபிடித்தார். நீங்களும் இப்போதே கண்டுபிடிக்கலாம். இடது கண்ணை மூடுங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களை நிமிர்த்தி ஒட்டி வையுங்கள். வலது கண் இடது கட்டைவிரலைவிட்டு அசையக் கூடாது. இப்போது வலது கையை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் வலது கட்டைவிரலின் நுனி காணாமல் போகும். இன்னும் நகர்த்தினால் திரும்பி வரும்.

விரல் மறைந்த இடத்தில் கறுப்புப் பொட்டு தெரிந்ததா? இல்லை. பின்னால் இருந்த சுவரின் நிறம் அங்கே பரவியிருந்தது. அந்த இடத்துச் சுவரை உங்கள் வலது கண் பார்க்கவே இல்லை. இடது கண்ணோ மூடியிருந்தது. சுற்றிலும் இருப்பதை வைத்து "இங்கேயும் சுவராகத்தான் இருக்கும்" என்று மூளை முடிவு கட்டிவிட்டது. பார்வை என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு ஊகம் என்பதற்கு இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, கண்ணிலிருந்து மூளைக்கு என்னதான் போகிறது? விழித்திரையில் இரண்டு வகை ஒளிச் செல்கள். மங்கிய வெளிச்சத்துக்குக் கோல் செல்கள், 9 கோடியிலிருந்து 12 கோடி வரை சொல்கிறார்கள். நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் கூம்பு செல்கள், சுமார் 60 லட்சம். கோல் செல்லுக்குள் வைட்டமின் ஏ-யிலிருந்து உருவான ஒரு மூலக்கூறு கொக்கி போல வளைந்து உட்கார்ந்திருக்கிறது. ஒளி பட்டதும் அது நிமிர்கிறது. அந்த நிமிர்வில் தொடங்கும் வேதிச் சங்கிலி கடைசியில் மின் மாற்றமாக முடிகிறது. இதில் ஒரு வேடிக்கை: ஒளி பட்டால் இந்தச் செல்கள் பேச ஆரம்பிப்பதில்லை, அடங்குகின்றன. இருட்டில்தான் அவை ஓயாமல் வேதிச் செய்தியைக் கொட்டிக்கொண்டிருக்கும்.

இத்தனை கோடிச் செல்கள் திரட்டியதை மூளைக்குக் கொண்டுபோகும் பார்வை நரம்பில் இருப்பது ஏறத்தாழ 10 லட்சம் இழைகள். நூறு பேர் சொல்வதை ஒருவர் சுருக்கிச் சொல்லும் கதைதான். அதனால் விழித்திரையே முதல் கட்டத் தணிக்கையைச் செய்துவிடுகிறது. ஒரே சீரான வெள்ளைச் சுவரைப் பற்றி அது அதிகம் சொல்லாது. சுவர் முடிந்து கதவு தொடங்கும் விளிம்பைப் பற்றிச் சத்தமாகச் சொல்லும். மாறாமல் அசையாமல் இருப்பதை மெல்ல மெல்லக் கைவிடவும் செய்யும். நம் விழித்திரையின் ரத்தக்குழாய்கள் ஒளிச் செல்களுக்கு முன்னால்தான் படர்ந்திருக்கின்றன. அவற்றின் நிழல் எந்நேரமும் செல்களின் மேல் விழுகிறது. ஆனாலும் நாம் அந்த நிழலைப் பார்ப்பதில்லை. கண்ணோடு சேர்ந்தே நகர்வதால் அதில் "செய்தி" எதுவும் இல்லை. கண் மருத்துவர் விளக்கை ஓரத்திலிருந்து அடித்துப் பரிசோதிக்கும்போது மட்டும், இலையுதிர்ந்த மரக்கிளை போல ஏதோ ஒரு கணம் தெரிந்து மறையும். அது உங்கள் சொந்த ரத்தக்குழாய்களின் நிழல்.

நரம்பு போகும் பாதையைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் உண்டு: இடது கண் வலது மூளைக்கு, வலது கண் இடது மூளைக்கு என்று. உண்மையில் ஒவ்வொரு கண்ணிலும் மூக்குப் பக்கத்துப் பாதி இழைகள் மட்டும் நடுவில் குறுக்கே தாண்டுகின்றன, மற்ற பாதி அதே பக்கத்தில் போகின்றன. இதன் விளைவு என்னவென்றால், நமக்கு இடப்பக்கம் இருக்கும் எல்லாமே, எந்தக் கண் பார்த்தாலும், வலது மூளைக்குப் போய்ச் சேரும். பக்கவாதத்தில் வலது பின்மூளை அடிபட்ட ஒருவர் "இடது கண் தெரியவில்லை" என்று மருத்துவரிடம் வருவார். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால், இரண்டு கண்ணிலும் இடப்பாதி போயிருக்கும். கண்ணில் ஒரு குறையும் இருக்காது.

வழியில் தலாமஸ் என்ற பகுதியில் ஒரு நிறுத்தம். இது வெறும் ரிலே ஆபீஸ் என்றுதான் முன்பு எழுதி வந்தார்கள். அங்கே வந்து சேரும் இணைப்புகளை எண்ணிப் பார்த்தபோது, கண்ணிலிருந்து வருபவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. மீதியில் பெரும் பங்கு மூளையிலிருந்தே திரும்பி வருபவை. அதாவது கண் என்ன சொல்லப்போகிறது என்பது பற்றி மேலிடத்துக்கு முன்கூட்டியே ஓர் அபிப்பிராயம் இருக்கிறது; வருகிற செய்தியை அது அந்த அபிப்பிராயத்தோடு உரசிப் பார்க்கிறது.

அங்கிருந்து பின்மண்டைக்குள் இருக்கும் முதல்நிலைப் பார்வைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கில் கண்ணின் செய்தி முதலில் வந்துசேரும் இடம். தலையின் பின்பக்கம் அடிபட்டால் "கண்ணில் பூச்சி பறக்கிறது" என்போமே, அந்த இடம்தான். இங்கே செல்கள் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொண்டது ஒரு விபத்தால். 1958-ல் டேவிட் ஹூபெலும் டார்ஸ்டன் வீசலும் மயக்கத்தில் இருந்த ஒரு பூனையின் பார்வைப் புறணியில் மின்முனையைச் செருகி, திரையில் புள்ளிகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் புள்ளி, வெள்ளைப் புள்ளி, எதற்கும் செல் அசையவில்லை. மணிக்கணக்கில் இதே கதை. ஒரு தடவை புள்ளி இருந்த கண்ணாடிச் சில்லை மாற்றிச் செருகியபோது செல் படபடவென்று துடித்தது. புள்ளிக்காக இல்லை. சில்லின் விளிம்பு திரையில் ஒரு மெல்லிய கோட்டு நிழலாக, ஒரு குறிப்பிட்ட சாய்வில் நகர்ந்ததற்காக. சாய்வை மாற்றினால் அந்தச் செல் ஊமை. அடுத்திருந்த செல்லுக்கு வேறு சாய்வு பிடித்திருந்தது. இந்த ஆராய்ச்சிக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, காட்சி மூளைக்குள் படமாகப் போவதில்லை. கோடு, சாய்வு, நிறம், நகர்வு என்று துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு வேறு வேறு இடங்களுக்குப் போகிறது. பிரிந்துதான் போகிறது என்று எப்படித் தெரியும்? ஒரு துண்டு மட்டும் தொலைந்துபோனவர்கள் இருக்கிறார்கள். 1983-ல் ஜெர்மனியில் ஒரு பெண்ணைப் பற்றிய மருத்துவ அறிக்கை வந்தது. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு ஏற்பட்ட பிறகு அவருக்கு நிறம் தெரிந்தது, உருவம் தெரிந்தது, முகம் தெரிந்தது. நகர்வு மட்டும் தெரியவில்லை. கோப்பையில் தேநீர் ஊற்றினால், கெட்டிலிலிருந்து விழும் தாரை உறைந்து நிற்கும். கோப்பையில் மட்டம் ஏறுவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று புரியாது. சாலையைக் கடக்க நின்றால், தூரத்தில் இருந்த கார் அடுத்த பார்வையில் முன்னால் நிற்கும். நடுவில் வந்த வழி எதுவும் இல்லை.

இதற்கு நேரெதிரான விசித்திரமும் உண்டு. முதல்நிலைப் புறணி சேதமாகி, ஒரு பக்கம் எதுவும் தெரியவில்லை என்று சத்தியம் செய்பவர்கள். லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் என்ற உளவியலாளர் 1970களில் அப்படி ஒருவரிடம், "தெரியாவிட்டால் போகட்டும், வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று சும்மா ஊகித்துக் கையைக் காட்டுங்கள்" என்றார். குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால் வந்திருக்கவே முடியாத அளவுக்குச் சரியாகக் காட்டினார். சரியாகச் சொன்னோம் என்பதை அவரே நம்பவில்லை. கண்ணிலிருந்து நடுமூளைக்குப் போகும் பழைய கிளைப்பாதை ஒன்று வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்தப் பாதையில் போகும் செய்தி "நான் பார்க்கிறேன்" என்ற உணர்வாக மாறுவதில்லை.

இன்னொன்று, செய்து பார்க்க வேண்டியது. இந்தத் திரையைக் கையில் பிடித்து வேகமாக இடவலமாக ஆட்டுங்கள். படிக்க முடியாது. இப்போது திரையை அசையாமல் வைத்து, தலையை அதே வேகத்தில் ஆட்டுங்கள். ஓரளவு படிக்க முடிகிறது, இல்லையா? காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு தலை எந்தப் பக்கம் போகிறது என்று சொன்னவுடன், கண்தசைகள் அதே அளவு எதிர்ப்பக்கம் திருப்புகின்றன. பார்த்து யோசித்துத் திருப்ப நேரமில்லை. பார்வைப் பாதை அவ்வளவு மெதுவானது: விழித்திரையில் பட்டது புறணியை எட்டவே 0.05 நொடிக்கு மேல் ஆகிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 0.1 நொடியில் கிட்டத்தட்ட 4 மீட்டர் தாண்டிவிடும். பந்து இருந்த இடத்தைப் பார்த்து அடிக்கப் போனால் மட்டை காற்றைத்தான் அடிக்கும். பந்து இருக்கப்போகிற இடத்தை முன்கூட்டியே கணித்தால்தான் உண்டு.

அந்தக் கணிப்பு வேலை செய்வதைக் கையால் தொட்டே பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணின் வெளியோரத்தில், கீழிமையின் மேல் விரலால் மிக மெதுவாகத் தள்ளுங்கள். (கான்டாக்ட் லென்ஸ் போட்டவர்களும் கண் அறுவை செய்துகொண்டவர்களும் வேண்டாம், சும்மா படித்தாலே போதும்.) உலகமே குலுங்கும். ஆனால் கண்ணை நாமாக அசைக்கும்போது விழித்திரையில் படம் இதைவிடப் பல மடங்கு நகர்ந்தாலும் உலகம் அசையாமல் நிற்கிறது. மூளை கண்தசைக்கு உத்தரவு போடும்போதே அதன் நகலைப் பார்வைப் பகுதிக்கும் அனுப்பிவிடுகிறது: "படம் இந்த அளவு நகரப்போகிறது, கண்டுகொள்ளாதே" என்று. விரல் தள்ளியதற்கு அப்படி எந்த உத்தரவும் போகவில்லை. அதனால் அது உலகத்தின் அசைவாகத் தெரிகிறது.

இந்த ஏற்பாடெல்லாம் பிறக்கும்போதே முழுசாக வந்துவிடுவதில்லை. ஹூபெலும் வீசலும் பிறந்த சில வாரங்களிலேயே பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடித் தைத்து, சில மாதம் கழித்துத் திறந்தார்கள். கண் நன்றாகவே இருந்தது. ஆனால் பார்வைப் புறணியில் அந்தக் கண்ணுக்கு இடமே இல்லை. திறந்திருந்த கண் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தால் இந்தச் சேதம் இல்லை. குழந்தைகளுக்கு வரும் "சோம்பேறிக் கண்" இதே கதைதான். மாறுகண்ணோ, ஒரு கண்ணில் மட்டும் அதிகப் பவரோ இருந்தால், மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிடும். நல்ல கண்ணை மூடி மற்றதற்கு வேலை கொடுக்கும் வைத்தியம் சிறுவயதில்தான் நன்றாகப் பலிக்கிறது. குழந்தை ஒன்றும் புகார் சொல்லவில்லையே என்று பெற்றோர் காத்திருப்பதுதான் இதில் பெரிய தொல்லை. ஒரு கண் நன்றாகத் தெரியும்போது குழந்தை எதற்குப் புகார் சொல்லப்போகிறது?

பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர் பந்தையும் கனசதுரத்தையும் தொட்டு அறிந்திருக்கிறார். திடீரென்று பார்வை வந்தால், தொடாமலே எது பந்து என்று சொல்வாரா? வில்லியம் மாலினூ இந்தக் கேள்வியை 1688-ல் தத்துவவாதி ஜான் லாக்குக்குக் கடிதத்தில் எழுதினார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வாதம்தான் நடந்தது. பவன் சின்ஹா என்ற மூளை ஆராய்ச்சியாளர் தொடங்கிய 'பிரகாஷ்' திட்டத்தில், பிறவியிலேயே பார்வை இல்லாமல் வளர்ந்து, இந்தியாவில் அறுவை செய்துகொண்ட ஐந்து பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். கையால் தொட்டுப் பார்த்த பொருளை, கட்டு அவிழ்த்த உடனே கண்ணால் அடையாளம் காண அவர்களால் முடியவில்லை; பூவா தலையா போட்ட மாதிரிதான் விடை வந்தது. சில நாட்களிலேயே வந்துவிட்டது. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் பட்டது அதே திட்டத்தின் இன்னொரு சோதனை. ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் வட்டத்தையும் சதுரத்தையும் காட்டினால், புதிதாகப் பார்வை பெற்றவர்கள் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் உருவாகும் துண்டுகளைத் தனித்தனிப் பொருளாக எண்ணினார்கள். ஓர் உருவத்தை நகர்த்திக் காட்டியதும் சரியாகச் சொன்னார்கள். சேர்ந்து நகர்வதெல்லாம் ஒரே பொருள் என்பதுதான் மூளை பிடித்துக்கொள்ளும் முதல் கயிறு போலிருக்கிறது.

தலைகீழ்ப் படத்தை மூளை நிமிர்த்தி வைக்கிறது என்று பாடப்புத்தகங்கள் எழுதுவதும் இந்த இடத்தில்தான் இடறுகிறது. நிமிர்த்துவதற்கு அங்கே படமே இல்லை. விழித்திரையின் கீழ்ப்பகுதியிலிருந்து செய்தி வந்தால் கையை மேலே நீட்ட வேண்டும் என்ற பழக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். 1890களில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும் லென்ஸை ஒரு கண்ணில் மாட்டி, மறுகண்ணைக் கட்டிக்கொண்டு எட்டு நாள் வாழ்ந்து பார்த்தார். முதல் நாள் எதை எடுக்கப் போனாலும் கை எதிர்ப்பக்கம் போனது. நாள் செல்லச் செல்ல நடமாட்டம் இயல்பானது. "உலகம் நிமிர்ந்துவிட்டது" என்று பலர் இதைச் சுருக்கி எழுதுகிறார்கள். அவருடைய குறிப்புகள் அப்படி ஒரேயடியாகச் சொல்லவில்லை. செயலில் மூழ்கியிருந்தபோது சரியாகத் தோன்றியது, நின்று யோசித்தால் மறுபடி குழம்பியது. வாசிப்புக்கும் தூரத்துக்கும் சேர்த்துப் புதுக் கண்ணாடி வாங்கிய வாரத்தில் எனக்கும் இதில் ஒரு துளி அனுபவம் உண்டு. படியில் இறங்கும்போது தரை மேடாக எழும்பி வந்தது. நாலாம் நாள் அது எப்போது சரியானது என்றே கவனிக்கவில்லை.

கண் சொல்வதும் மூளை ஊகிப்பதும் இப்படி ஒன்றையொன்று திருத்திக்கொண்டே போனால்தான் பார்வை. திருத்த வேண்டிய கண் மௌனமாகிவிட்டால்? 1760-ல் ஷார்ல் போனே என்ற சுவிஸ் இயற்கையியலாளர் தன் தாத்தாவைப் பற்றி எழுதினார். தொண்ணூறை நெருங்கிய அவருக்குக் கண்புரையால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. புத்தி தெளிவாக இருந்தது. ஆனால் எதிரே மனிதர்கள், பறவைகள், கட்டிடங்கள் எல்லாம் தெரிந்தன, சத்தமில்லாமல். அவை உண்மை அல்ல என்று அவருக்கே தெரியும். ஒரு நாடகம் போல ரசித்துக்கொண்டிருந்தார். வயதான காலத்தில் விழித்திரை கெட்டுப்போனவர்களுக்கு இன்றைக்கும் இது வருகிறது. பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து பலர் வீட்டில் மூச்சுவிடுவதில்லை. "உங்கள் மனசுக்கு ஒன்றுமில்லை, கண்ணிலிருந்து செய்தி குறைந்ததால் மூளை தானே நிரப்பிக்கொள்கிறது" என்று மருத்துவர் சொன்னதுமே பாதிப் பாரம் இறங்கிவிடும். அதோடு ஒரு சின்ன யோசனையும் சொல்வார்கள்: உருவம் வந்து நின்றால், தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடமும் வலமுமாகச் சில தடவை வேகமாகத் தாவவிடுங்கள். பலருக்கு அது கலைந்து போய்விடுகிறது.